பெரிய டயரும் கியர் சீட்டும்

மழைக்கு வண்டி வழுக்குதுன்னு என் மச்சான்கிட்ட வாய் தவறிச் சொன்னேன் பாருங்க, அதுதான் நான் பண்ணுன முதல் தப்பு. அதுக்கப்புறம் நடந்த அத்தனைக்கும் அவன்தான் காரணம்னு இன்னைக்கும் வீட்டுல சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். "உங்க கோவத்த அந்தக் கணக்குல சேக்க மாட்டீகளா?"ன்னு கேப்பா என் வீட்டுக்காரி. மச்சான் அவ கூடப்பொறந்த தம்பி. அவ வேற எப்படிப் பேசுவா?

நான் கம்பத்துல ஜீப்பு ஓட்டுறேன். பதினேழு வருசமா ஒரே தடம். விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு வண்டிய எடுத்தேன்னா, நாலு தெருவுல நின்னு பதினாலு பொம்பளையாள்களை ஏத்திக்கிட்டு, கம்பம்மெட்டு மலை ஏறி, செக்போஸ்ட் தாண்டி, கேரளாக்குள்ள இருக்குற ஏலத்தோட்டத்துல ஏழரைக்குள்ள இறக்கிவிடணும். சாயங்காலம் திரும்ப ஏத்திக்கிட்டு இறங்கணும். ஏழரை தாண்டிருச்சுன்னா தோட்டத்து மேஸ்திரி கேட்டுக்கு வெளியவே நிப்பாட்டிருவாக. அன்னைக்கு வேலை இல்ல. தூக்குச்சட்டியில கட்டிக்கொண்டு வந்த சோத்தைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டு போக வேண்டியதுதான்.

எங்க ஜீப்புல முன்சீட்டுல டிரைவரோட சேத்து நாலு பேரு. எனக்கு ஒட்டுன மாதிரி இடது பக்கம் உக்காருற ஆளுக்கு, ரெண்டு முட்டிக்கும் நடுவுல கியர் லீவர் நிக்கும். பக்கத்துலயே ஃபோர் வீல் போடுற குட்டி லீவர் வேற. அந்த இடத்துக்கு எங்க லைன்ல கியர் சீட்டுன்னு பேரு. எல்லாரும் அதுல உக்காந்துற முடியாது. புதுசா வந்த ஆளு உக்காந்தா நான் கியரை இழுக்கவும் அது "ஆத்தி"ன்னு கத்தவும் சரியா இருக்கும்.

என் வண்டியில அந்த சீட்டு ஒரு அம்மாவுக்குச் சொந்தம். பதினாலு பேருக்கும் தலைவி அதுதான். யாரு வாறா, யாரு வரல, எவ பிள்ளைக்குக் காய்ச்சல், அவளுக்குப் பதிலா எவளைக் கூப்பிடலாம்னு எல்லாம் அது முடிவு. என்னைய விட எட்டு வயசு இளசு. என்னை அண்ணேன்னு கூப்பிடும், நான் ஆத்தான்னு கூப்பிடுவேன். வாயி மட்டும் கொஞ்சம் நஞ்சம் இல்ல. ஒருநாள் சட்டையில பட்டன் மாத்திப் போட்டுட்டு வந்துட்டேன், மலை ஏறி முடியுற வரைக்கும் அதை வச்சே என்னைய ஓட்டித் தள்ளிருச்சு.

எங்க வண்டியில ஸ்பீடாமீட்டர் செத்துப்போயி எத்தனையோ வருசம். யாரும் அதைச் சரி பண்றதும் இல்ல, தேடுறதும் இல்ல. எங்களுக்கு ரோடுதான் மீட்டர். திராட்சைத் தோட்டத்துக் கம்பி வேலி முடிஞ்சா மூணாவது கியர். வனத்துறை போர்டு வந்தா ரெண்டு. உடைஞ்ச கைப்பிடிச் சுவர் வளைவுல ஒண்ணு. இந்தக் கணக்கு எனக்கு எவ்வளவு பாடமோ அவ்வளவு அந்தம்மா முட்டிக்கும் பாடம். வெத்தலை மென்னுக்கிட்டே பின்னாடி திரும்பி எவகூடயோ சண்டை போட்டுக்கிட்டு இருக்கும், ஆனா போர்டு வந்ததும் முட்டி தானா ஒதுங்கிரும். நான் குனிஞ்சு பாத்ததே இல்ல. கை போகும், இடம் இருக்கும்.

போன வருசம் சாரல் மழைக்காலத்துல ரெண்டு தடவை மாட்டிக்கிட்டோம். தார் ரோடு முடிஞ்சு தோட்டத்துக்குப் போற மண்ணேத்தம் இருக்கே, அங்கன சேறு தொடை வரைக்கும். பொம்பளைக இறங்கித் தள்ளுனாக. இந்த வருசம் சாரல் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே மேஸ்திரி கூப்பிட்டுச் சொல்லிட்டாக: "பாய், இந்த மழைக்கு மூணு தடவை பிந்துனா நான் வேற வண்டி பாத்துக்கிறேன். கோச்சுக்கக் கூடாது." கோச்சுக்காம என்ன செய்யுறது? பதினேழு வருசத்து ஆளுக. இந்த லோடு போச்சுன்னா அம்பத்தஞ்சு வயசுல நான் எந்த ஸ்டாண்டுல போயி யாரைக் கூவிக் கூப்பிடுறது?

இதைத்தான் மச்சான்கிட்ட சொன்னேன். அவன் உத்தமபாளையத்துல செல்போன் கடை வச்சிருக்கான். ஸ்டியரிங் பிடிச்சு ஒரு மலை ஏறுனவன் இல்ல. ஆனா வீடியோ பாப்பான். எந்நேரமும் வீடியோ. "மச்சான், உங்க வண்டிக்கு வேண்டியது முப்பத்தொரு இஞ்சு டயரு. கட்டை கட்டையா பல்லு வச்சது. சேறு என்ன, ஆத்துக்குள்ளயே போகலாம்"னான். எதுக்குய்யா நான் ஆத்துக்குள்ள போகணும்? இதைக் கேட்டிருக்கணும். கேக்கல. அந்த டயரைப் போனுல காட்டுனான், எனக்கும் ஆசை வந்துருச்சு. அது நிசம், மறைக்கக் கூடாது.

தேனியில போயி பழைய டயரை வித்துக் கழிச்சுட்டுப் புதுசை மாட்டிட்டு வந்தோம். இருபத்தெட்டு இஞ்சு இருந்த இடத்துல முப்பத்தொண்ணு. பாக்குறதுக்கு வண்டி ஒரு சாண் தூக்கி நின்ன மாதிரி இருந்துச்சு. மறுநாள் காலையில முதல் தெருவுல நிப்பாட்டுனா, பொம்பளைக ஏறாம நின்னு பாக்குறாக. "ஏண்ணே, ஏணி எங்கண்ணே?"ன்னுச்சு கியர் சீட்டுக்காரம்மா. பின்னாடி ஒரே சிரிப்பு. நானும் சிரிச்சேன். அன்னைக்குச் சிரிச்சது அது ஒண்ணுதான்.

திராட்சைத் தோட்டத்து வேலி முடிஞ்சது, மூணைப் போட்டேன். வண்டி போகுது, ஆனா முக்குது. வழக்கமா அந்த இடத்துல எஞ்சின் ஒரு மாதிரி பாடிக்கிட்டுப் போகும், இப்ப தொண்டையில சளி கட்டுன மாதிரி கர் கர்ங்குது. போர்டு வர்றதுக்கு இன்னும் தூரம் இருக்கு, அதுக்குள்ள வண்டி செத்துரும் போல இருந்துச்சு. சடார்னு ரெண்டுக்கு இழுத்தேன். லீவரு நேரா அந்தம்மா முட்டியில போயி இடிச்சுச்சு.

"ஆத்தி! என்னண்ணே, போர்டு இன்னும் வரலயே?"

"போர்டு வரல, ஆத்தா. வண்டிக்கு மூச்சு வரல."

ரெண்டுல ஏறவேண்டிய வளைவுல ஒண்ணைப் போட்டேன். ஒண்ணுல ஏறவேண்டிய வளைவுல நின்னே போச்சு. ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சு, கிளட்சைக் கருக்கி, மெல்ல எடுத்தேன். போதாக்குறைக்கு முழுசா ஒடிச்சாத் திரும்புற வளைவுல எல்லாம் டயரு மட்கார்டுல உரசுது. ஒரே திருப்புல வாற வளைவை ரெண்டு திருப்புல எடுக்குறேன், பின்னாடி வாற ஜீப்புக்காரன் எல்லாம் ஆரன் அடிக்கிறான். எனக்கு ஆரன் அடிக்கிறானுக! பதினேழு வருசமா ஓட்டுற எனக்கு!

தோட்டத்துக் கேட்டுக்குப் போறப்ப மணி ஏழே முக்கால். மண்ணேத்தத்துல டயரு ஜம்முனு ஏறுச்சு, அதுல குறை இல்ல. ஆனா மலையில விட்ட நேரத்தை அங்கன பிடிக்க முடியுமா? மேஸ்திரி கையில கட்டியிருந்த வாட்சை என் பக்கமாத் திருப்பிக் காட்டுனாக, அவ்வளவுதான். பதினாலு பேரும் சட்டியோட திரும்புனாக. வழியில யாராவது என்னைத் திட்டியிருந்தாக் கூட நானும் நாலு திட்டு திட்டிக் கோவத்தை ஆத்தியிருப்பேன்.

மச்சானுக்குப் போன் போட்டு நல்லாக் கொடுத்தேன். அவன் அசரல. "மச்சான், அது கியர் ரேஷியோ பிரச்சனை. சக்கரம் பெருசானா ஒரு சுத்துக்கு வண்டி கூடுதல் தூரம் போகுதுல்ல, அதனால இழுவை குறையும். நீங்க பழைய இடத்துல கியர் மாத்தக்கூடாது. கியரைக் கூட்டுறப்ப லேட்டா மாத்தணும், குறைக்கிறப்ப சீக்கிரம் மாத்தணும்"ங்கிறான். அட பாவிப்பயலே, இதை டயர் மாட்டுறதுக்கு முன்னாடி சொல்றதுக்கு என்ன?

சரி, பழகிக்கிடுவோம்னு பாத்தேன். பழகுறது அவ்வளவு லேசா? மண்டை சொல்லுது, கை கேக்க மாட்டேங்குது. போர்டைப் பாத்ததும் கை தானா லீவருக்குப் போகுது, அப்பத்தான் ஏற்கனவே ரெண்டுல இருக்கேன்னு ஞாபகம் வருது. அந்தம்மா முட்டியும் அப்படித்தான். நான் இழுக்குறப்ப இருக்கும், சும்மா இருக்குறப்ப ஒதுங்கும். நாலாம் நாளு மறுபடியும் பிந்துனோம். மலை இறங்குறப்ப வேற சனியன். முன்னயெல்லாம் ரெண்டுல போட்டு விட்டா எஞ்சினே பிடிச்சுக்கிடும், இப்ப பிடிக்கல. பிரேக்கை மிதிச்சு மிதிச்சு அடிவாரம் வர்றப்ப கருகுன வாடை. அந்தம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு, "அண்ணே, டயரை வித்துட்டு ஒரு ஏணி வாங்கிப் போடுங்க"ன்னுச்சு. எனக்குச் சிரிப்பு வரல. ரெண்டு தடவை பிந்தியாச்சு, இன்னும் ஒண்ணுதான் பாக்கி.

ஞாயித்துக்கிழமை தேனியில மெக்கானிக்கு ஒருத்தர்கிட்ட போனேன். ஜீப்பு வேலையில ஊறுனவுக. பாத்த உடனே சொல்லிட்டாக: "பாய், ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல அச்சுல உருண்டையா ஒண்ணு இருக்குல்ல, அதுக்குள்ள இருக்குற கிரவுன் பினியனை மாத்தணும். இப்ப எட்டுப் பல்லுக்கு முப்பத்தொம்பது இருக்கு. எட்டுக்கு நாப்பத்திமூணு போட்டா இழுவை திரும்பிரும். உங்க பழைய இடத்துலயே கியர் விழும். ஆனா முன்னாடி ஒரு செட்டு, பின்னாடி ஒரு செட்டு, ரெண்டையும் சேத்துத்தான் மாத்தணும்."

கையில இருந்தது ஒரு செட்டு. இன்னொண்ணு வர பத்து நாளாகும்னாக. பத்து நாளைக்கு வண்டிய நிப்பாட்டுனா மேஸ்திரி வேற வண்டி பாக்கவே வேணாம், அது தானா வந்து நிக்கும். மச்சான் கூடவே நின்னான். "பின்னாடி மட்டும் போடுங்க மச்சான். மலையில எப்பவும் பின் சக்கரம்தான இழுக்குது"ன்னான். மெக்கானிக்கு என்னையப் பாத்துச் சொன்னாக: "போட்டுத் தாறேன். ஆனா முன் செட்டு வர்ற வரைக்கும் ஃபோர் வீல் போடக்கூடாது. முன்னாடி ஒரு கணக்குல சுத்தும், பின்னாடி ஒரு கணக்குல சுத்தும். ரெண்டும் மல்லுக்கட்டும்." சரி சரின்னேன். பொறுத்துப் பாக்குற புத்தி எனக்கு என்னைக்கு இருந்துச்சு?

திங்கக்கிழமை காலையில மலை ஏறுனோம். அல்லா மேல ஆணை, எனக்கு அழுகையே வந்துருச்சு. வேலி முடிஞ்சது, மூணு விழுந்துச்சு, எஞ்சின் பாடுது. போர்டு வந்துச்சு, முட்டி ஒதுங்குச்சு, ரெண்டு விழுந்துச்சு. உடைஞ்ச சுவரு, முட்டி, ஒண்ணு. எல்லாம் பழைய இடத்துல பழைய மாதிரி. "வண்டிக்கு உசுரு வந்துருச்சுண்ணே"ன்னுச்சு அந்தம்மா. செக்போஸ்ட் தாண்டுறப்ப மணி ஆறே முக்கால்.

தாண்டுனதும் மழை பிடிச்சுக்கிச்சு. சாரல் இல்ல, சரியான மழை. ஒரு வளைவுல மண்ணு சரிஞ்சு கெடந்து, ஒதுக்கிவிடுற வரைக்கும் நின்னோம். மண்ணேத்தத்துக்கு அடியில போயி நிக்கிறப்ப ஏழு இருபது. பாதி ஏத்தத்துல பின் சக்கரம் சும்மா சுத்துது, வண்டி பக்கவாட்டுல நழுவுது. எனக்குப் பின்னாடி வேற தோட்டத்து ஜீப்பு ஒண்ணு ஆரன் அடிச்சுக்கிட்டு நிக்கிது. மெக்கானிக்கு சொன்னது காதுல கேக்காம இல்ல. கேட்டுச்சு. குட்டி லீவரைத் தள்ளி ஃபோர் வீல் போட்டேன்.

சேத்துல ஏறிருச்சு. சேறுன்னா சக்கரம் கொஞ்சம் வழுக்கிக்கிட்டே போகும், மல்லுக்கட்டு தெரியாது. ஏத்தம் முடிஞ்சு கேட்டுக்கு முன்னாடி கல்லு பாவுன தரை. அதுல முன் சக்கரம் ஏறவும் வண்டி உடம்பெல்லாம் நடுங்குது, ரெண்டு மாட்டை எதிரும் புதிருமாப் பூட்டுன மாதிரி அப்படியே இறுகிப்போச்சு. குட்டி லீவரை இழுத்தா வரல. அஞ்சடி ரிவர்ஸ் எடுத்தா அந்த முறுக்கு விட்டுரும், லீவரு வெண்ணெய் மாதிரி வரும். இது எனக்குத் தெரியாதா? லைசென்ஸ் எடுத்த வருசத்துலருந்து தெரியும். ஆனா பின்னாடி ஒருத்தன் ஒட்டி நின்னு ஆரன் அடிக்கிறான், எதுத்தாப்புல மேஸ்திரி குடையப் பிடிச்சுக்கிட்டு வாட்சைப் பாக்குறாக. எனக்கு மண்டைக்கு ஏறிருச்சு. மச்சானை, டயரை, மழைய, எல்லாரையும் வஞ்சுக்கிட்டே ரெண்டு கையாலயும் லீவரைப் பிடிச்சு, இருக்குற பலத்தை எல்லாம் கூட்டி ஒரு இழு இழுத்தேன்.

வந்துச்சு. வந்த வேகத்துல அந்தம்மா முட்டியில போயி அடிச்சுச்சு. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

"ஆத்தா, பட்டுருச்சா?"

இந்தத் தடவை அது ஆத்தின்னு கத்தல. சேலை முந்தானைய எடுத்து மடியில போட்டுக்கிட்டு, "ஒண்ணுமில்லண்ணே. போங்க, மணியாகுது"ன்னுச்சு.

கேட்டுக்குள்ள ஏழு இருபத்தெட்டு. மேஸ்திரி பேரு எழுத நோட்டை விரிச்சாக. நான் ஜெயிச்ச மாதிரி கீழ இறங்கி நின்னு மச்சானுக்குப் போன் போட்டு, "பாத்தியாடா, கொண்டாந்து சேத்துட்டேன்"னு பெருமை பேசிக்கிட்டு இருந்தேன். அந்தம்மா எப்படி இறங்குச்சு, யாரு கையப் பிடிச்சாக, ஒண்ணும் பாக்கல.

சாயங்காலம் ஆளுக வாறாக. ரெண்டு பேரு தோள்ல கையப் போட்டுக்கிட்டு அந்தம்மா வருது. முட்டி பப்பாளிக்காய் தண்டிக்கு வீங்கிக் கெடக்கு. ஏலக்காய் காய்க்கிறது செடியோட அடித்தூர்ல. மடங்கி உக்காந்து, செடிக்குச் செடி அப்படியே நகரணும். ஒரு காலை நீட்டிப்போட்டுக்கிட்டு, கையை ஊணி ஊணித் தேச்சுக்கிட்டே நாள் பூராம் பறிச்சுச்சுன்னு கூட வந்தவுக சொன்னாக. எனக்குப் பொறுக்கல. கத்திட்டேன்.

"ஏன் ஆத்தா காலையிலயே சொல்லல? வாயி இல்லையா உனக்கு? ஊரெல்லாம் பேசுறியே!"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீக? வண்டிய நிப்பாட்டி என் காலைப் பாத்திருப்பீக. ஏழரை தாண்டிருக்கும். இது மூணாவது தடவை. இவளுக எல்லாம் நாளைக்கு எவன் வண்டியிலண்ணே ஏறுவாக?"

பின் சீட்டுல காலை நீட்டி உக்கார வச்சோம். கியர் சீட்டுல யாரும் உக்காரல. உக்காருங்கன்னு நான் சொல்லியும் கேக்கல, பின்னாடியே நெருக்கி அடிச்சுக்கிட்டாக. மலை இறங்குறப்ப வனத்துறை போர்டு வந்துச்சு. என் கை லீவருக்குப் போயி, தொடாம அந்தரத்துல நின்னுச்சு. முட்டி ஒதுங்கட்டும்னு நிக்குது. அங்கன முட்டியே இல்ல. கண்ணுல தண்ணி வந்துருச்சு, மழைன்னு சொல்லித் தொடைச்சுக்கிட்டேன்.

எலும்பு முறியல, உள்ள சவ்வு கிழிஞ்சிருக்குன்னு ஆஸ்பத்திரியில சொன்னாக. நானும் என் வீட்டுக்காரியும்தான் கூட்டிக்கிட்டுப் போனோம். அது இல்லாத நாள்கள்ல ஒரு ஆளு கூட வேற வண்டிக்குப் போகல. "போனீகன்னா தெருவுல வச்சுக் கேப்பேன்"னு படுத்த இடத்துலருந்தே சொல்லி விட்டிருக்கு. முன் செட்டு வந்து மாட்டியாச்சு. மட்கார்டையும் வெட்டி உரசாம பண்ணியாச்சு. இப்ப வண்டி சேத்துலயும் ஏறுது, கல்லுலயும் ஏறுது, கியரெல்லாம் பழைய இடத்துல விழுது. மச்சான் இதையும் வீடியோ எடுக்க வந்தான். ஏலே, ஓடிப்போயிருன்னேன்.

நாப்பது நாளு கழிச்சு அந்தம்மா வந்துச்சு. கியர் சீட்டு காலியாக் கெடக்குறதப் பாத்துட்டு, "என்னடி, என் சீட்டுல பேய் உக்காந்திருக்கா?"ன்னு கேட்டுக்கிட்டே ஏறுச்சு. ஏறுறதுக்கு நான் ஒரு மரப்பலகை செஞ்சு வச்சிருந்தேன். "ஏணி வந்துருச்சு"ன்னுச்சு.

இப்பெல்லாம் நான் சொல்லிட்டுத்தான் கியர் மாத்துறேன். "ஆத்தா, ரெண்டு போடப் போறேன்"பேன். "தெரியும்ணே, போடுங்க"ன்னும். பின்னாடி இருக்குற பொம்பளைக என்னை மாதிரியே சொல்லிக் காட்டிச் சிரிப்பாக. ஸ்டாண்டுல மத்த டிரைவர்களும் கேலி பண்றாக. பண்ணட்டும். முன்ன மாதிரி அந்த முட்டி தானா ஒதுங்குறதில்ல. ரெண்டு கையாலயும் தூக்கித்தான் அந்தப் பக்கம் வைக்குது. அதனால போர்டுக்கு அம்பதடி முன்னாடியே சொல்லிடுறேன். அப்பவும் சில நாளு நேரமாகும். எஞ்சின் முக்கும், பின்னாடி நிக்கிறவன் ஆரன் அடிப்பான், எனக்கு மண்டைக்கு ஏறும். அந்தம்மா காலை ஒதுக்கி முடிக்கிற வரைக்கும் நான் லீவரைத் தொடுறதில்ல.